சுன்னி என்றால் என்ன?

நம் ஜனங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வார்த்தைக்கு அர்த்தம் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லமாட்டார்கள். தாங்களே ஒரு அர்த்தத்தைக் கற்பித்துக்கொண்டு, அதன்மேல் பரிகாசமும் செய்வார்கள். அவிநாசி, திருப்பூர், கோவைக் கடைவீதிகளில், "சுன்னி என்றால் சுன்னத்து செய்துகொண்டவன்" என்று வியாக்கியானம் சொல்லும் மேதாவிகள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களை ஒன்று கேட்கிறோம். ஷியாக்களும் சுன்னத்து செய்துகொள்ளுகிறார்களே, அவர்களை ஏன் சுன்னி என்பதில்லை? அந்தச் சடங்கிற்கு அரபியில் கித்தான் என்று வேறு பெயரே இருக்கிறதே, அது ஏன்?

உண்மை என்னவென்றால், "சுன்னா" என்ற அரபிச் சொல்லுக்கு நடந்து பழகிய வழி என்பதே பொருள். கொங்கு நாட்டார்க்கு இதை விளக்கவேண்டியதில்லை. இட்டேரியில் பலர் நடக்க நடக்கத் தடம் விழுகிறது. பின்னால் வருகிறவன் அந்தத் தடத்திலேயே போகிறான். அதுதான் சுன்னா. இஸ்லாத்திற்கு முன்பே அரபிகள் தங்கள் முன்னோர் வழக்கத்தை இப்படித்தான் சொன்னார்கள். பிறகு அது முகம்மது நபியின் சொல்லுக்கும் செயலுக்கும் பெயராயிற்று. கடமையான பர்ளுத் தொழுகைக்குமேல் தொழுவதும் சுன்னத்து. அந்தச் சடங்கும் சுன்னத்து. தமிழில் பின்னதுமட்டுமே ஊரார் வாயில் நின்றுவிட்டது.

நிற்க. சுன்னி என்ற பிரிவுப்பெயர் எப்போது வந்தது? குர்ஆனில் சுன்னா என்ற சொல் உண்டு. சுன்னி என்ற பிரிவு கிடையாது. 632ல் நபி இறந்தபின் தலைமை யாருக்கு என்ற தகராறு எழுந்தது. அலியின் பக்கம் நின்றவர்கள் "அலியின் கட்சி" எனப்பட்டார்கள். ஷியா என்றால் கட்சி என்றே அர்த்தம். 680ல் அலியின் மகன் ஹுசைன் கர்பலாவில் கொல்லப்பட்டபின் பிளவு ஆழமாயிற்று. மற்றவர்கள் அன்றே சுன்னி என்று பெயர் வைத்துக்கொண்டுவிடவில்லை. பிறகு இரண்டு நூற்றாண்டு தர்க்கத்திற்கிடையில்தான் "அஹ்லுஸ் சுன்னா வல் ஜமாஆ", அதாவது நபிவழியையும் சமூகத்தையும் சார்ந்தோர், என்ற பெயர் மெல்ல நிலைத்தது. சுன்னா என்பது ஊர்வழக்கமல்ல, நபியின் வழியே என்பதை, 820ல் இறந்த இமாம் ஷாஃபி வாதாடித்தான் நிலைநாட்டவேண்டியிருந்தது.

நம் பள்ளிவாசல் பலகைகளில் காணும் "சுன்னத் ஜமாஅத்" அப்பெயரின் சுருக்கமே. ராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனஃபி, காயல்பட்டினத்தார் ஷாஃபி, இருவரும் சுன்னிகளே. தர்காவும் கந்தூரியும் கூடாதென்று 1980களிலிருந்து தமிழ்நாட்டில் பிரசாரம் செய்துவரும் தவ்ஹீதுக்காரரும் நபிவழி என்கிறார். கந்தூரி நடத்துகிறவரும் நபிவழி என்கிறார். ஒருவரையொருவர் வழிதவறியவர் என்றும் சொல்லிக்கொள்ளுகிறார்கள். பெயர் ஒன்று, வழக்கு இரண்டு என்றால், பெயரே எப்படித் தீர்ப்பாகும்?

ஒரு கூட்டத்தார் தங்களுக்கு வைத்துக்கொள்ளும் பெயர், அவர்கள் எதைக் கோருகிறார்கள் என்பதைக் காட்டுமேயொழிய, கோருவது சரி என்பதற்கு ருஜுவாகாது. ஆகவே, வெளியே நின்று பரிகாசம் செய்கிறவர்கள் முதலில் அர்த்தத்தைத் தெரிந்துகொள்ளட்டும். உள்ளே இருப்பவர்கள், பெயரைக் காட்டிக் கேள்வி கேட்பவன் வாயை அடைக்காமலிருக்கட்டும். தடம் எங்கே போகிறது என்று கேட்க, நடக்கிறவன் ஒவ்வொருவனுக்கும் பாத்தியதை உண்டு.