வைக்கோல் நம்முடையது, விலை வைப்பது எவரோ!



தோல் கழிவால் பாலாறு பாழானது ஊரறிந்த கதை. தோல் தொழிற்சாலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் முழுசாகவோ பாதியாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனது என்று 28.8.1996 தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே எழுதியது. மிச்ச நிலத்தில் ஒரு போகம் நெல், கொட்டகையில் ரெண்டு கறவை மாடு. இதுதான் நம்ம பிழைப்பு.

அந்த மாட்டுத் தீனியும் இப்போது கையை விட்டுப் போகிறது! அறுவடை மிஷின் வந்த பிறகு வைக்கோல் வயல் முழுக்கச் சிதறிக் கிடக்கிறது. வாரிக் கட்ட ஆள் இல்லை. டிராக்டரில் பேலர் பூட்டிக்கொண்டு வெளியூர் வியாபாரி வருகிறார். வானம் கறுத்துக்கொண்டு நிற்கும் நேரம்; அவர் சொன்னதே விலை. கட்டுகள் லாரி ஏறுகின்றன. கோடையில் அதே வைக்கோலை ஏறின விலைக்கு நாமே வாங்குகிறோம்.

"மானியம் இருக்கே" என்பார்கள். இருக்கிறது, 40 முதல் 50 சதவீதம். மீதிப் பணத்துக்கும், பேலரை இழுக்கிற டிராக்டருக்கும் ஒரு ஏக்கர்காரன் எங்கே போவான்? கட்டினாலும் வைக்க இடமில்லை. நனைந்த கட்டு உள்ளுக்குள் பூசணம் பிடிக்கும். அதைத் தின்ற மாடு படுத்துக்கொள்ளும். பச்சை மக்காச்சோளத்தை நறுக்கி, அழுத்திக் கட்டி, காத்துப் புகாமல் பிளாஸ்டிக் தாள் சுற்றி வைத்தால் ஒன்றரை மாசத்தில் ஊறுகாய்ப்புல் தயார். அதைச் சுற்றும் மிஷினைத் தனி ஆள் வாங்க முடியுமா?

செத்த மாட்டின் தோலைப் பதப்படுத்த இங்கே ஆலைகள் வரிசையாய் நிற்கின்றன. உயிருள்ள மாட்டின் தீனியைப் பதப்படுத்த ஒரு கொட்டகை இல்லை!

மாசு செய்தவர் இழப்பீடும் தரணும், கெட்ட சூழலைச் சீர்படுத்தும் செலவையும் ஏற்கணும் என்பதுதான் 1996 தீர்ப்பு. பாக்கி இழப்பீட்டைக் கொடுத்து, மாசு செய்தவரிடம் வசூலிக்கும்படி 30.1.2025 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் அரசுக்கு உத்தரவிட்டது. நிலம் கெட்டதால் தீனி குறைந்தது. அப்படியானால் தீனியைக் காக்கும் செலவும் அந்தக் கணக்கில்தான் சேரணும். இது சலுகை அல்ல. இழப்பீட்டுக்கு மாற்றும் அல்ல. நமக்கு வரவேண்டிய பாக்கி.

நமது கோரிக்கைகள்:

1. தொடக்க வேளாண் கூட்டுறவு சங்கங்களில் டிராக்டரோடு பேலரும், தாள் சுற்றும் மிஷினும் குறைந்த வாடகைக்கு வை!

2. ஊருக்கு ஊர் மேடை கட்டிய வைக்கோல் கிடங்கு கட்டு!

3. செலவை மாசு செய்தவரிடம் வசூல் செய்!

ஆம்பூர், வாணியம்பாடி, குடியாத்தம் விவசாயிகளே! தனித்தனியாக் கேட்டால் மனு குப்பைக் கூடைக்குப் போகும். கறவை மாட்டோடு வட்டாட்சியர் அலுவலக வாசலுக்குத் திரண்டு வாரீர்!