வயசைப் பார்க்காதே, வண்டியைப் பார்!



களக்காட்டு வாழைத்தாரும் அம்பை பிசான நெல்லும் சந்தைக்குப் போவது நம்ம பழைய குட்டியானையில்தான். ஆயில் குடித்துப் புகை தள்ளினால் எஞ்சினை இறக்கி, பிஸ்டன், ரிங் மாற்றி, நாசிலைச் சரிபார்க்கிறோம். வண்டி மறுபடி ஓடுது. புது வண்டிக்குக் கடன் வாங்கினால், காற்றில் வாழை சாய்ந்த வருசம் தவணையை யார் கட்டுவது?

ஒன்றிய அரசு செய்தது என்ன? 15 வருசம் தாண்டிய லாரிக்கு 1,500 ரூபாயாக இருந்த எப்.சி. கட்டணத்தை 2022 ஏப்ரலில் 12,500 ஆக்கியது. சின்ன சரக்கு வண்டியையும் விடவில்லை. 2025 நவம்பரில், 10 வருசம் தாண்டினாலே கூடுதல் கட்டணம் என்றது.

புகையை அளக்க மீட்டர் இருக்கு. பிரேக்கைச் சோதிக்க வழி இருக்கு. தேறாத வண்டியை நிறுத்து! தேறிய வண்டிக்கு எதற்கு தண்டம்?

வயசுக் கட்டணத்தை அடியோடு ரத்து செய்!

ஒன்றுபடுவோம்! போராடுவோம்!