காவல் நாயின் வாயைக் கட்டலாமா?



எங்கள் கிருஷ்ணன்கோவிலிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டிச் சென்றால் ராஜபாளையம். அவ்வூரின் பெயரையே தாங்கிய நாய் இனத்தை நீங்கள் அறிவீர்கள். காவலுக்குப் பேர்போன இனம் அது. ஆனால் ஒரு காவல் நாய் பால்காரரையும் தபால்காரரையும் காற்றில் ஆடும் துணியையும் பார்த்து ஓயாமல் குரைத்தால் என்ன ஆகும்? வீட்டார் முதல் நாள் எழுந்து வந்து பார்ப்பார்கள். அடுத்த நாள் படுத்தபடியே அதட்டுவார்கள். பத்தாம் நாள் காதில் விழாததுபோல் தூங்குவார்கள். திருடன் வரும் இரவிலும் அப்படியே தூங்குவார்கள்!

நம் வீட்டுக் கணிப்பொறியில் இன்று நடப்பதும் இதுதான். திரையின் ஓரத்தில் ஒரு பெட்டி தோன்றுகிறது. ‘உங்கள் கணிப்பொறி பாதுகாப்பாக இல்லை’ என்கிறது. மூடினால் இன்னொன்று வருகிறது. ‘சோதனை முடிந்தது, ஆபத்து எதுவும் இல்லை’ என்கிறது. ஆபத்து இல்லை என்று சொல்லவா நம்மை அழைத்தது? எரிச்சல் வருவது இயல்புதானே!

சில ஆண்டுகளுக்கு முன் எனக்கும் இந்த எரிச்சல் வந்தது. நான் ஓர் இயற்பியல் ஆசிரியன். இருந்தும் ஆராயாமல் ஒரு காரியம் செய்தேன். அறிவிப்புகளோடு சேர்த்துப் பாதுகாப்பு மென்பொருளையே நிறுத்திவிட்டேன். திரை அமைதியாயிற்று. மூன்றாம் வாரம், வெளியே ஒரு கடையில் அச்செடுத்து வந்த பென் டிரைவை வீட்டில் செருகினேன். செய்முறைத் தேர்வுக் கோப்புகள் இருந்த இடத்தில் வெறும் குறுக்குவழிச் சின்னங்கள்தாம் மிஞ்சின. மாணவர் ஒருவர் அரை நாள் உழைத்துப் பெரும்பகுதியை மீட்டுத் தந்தார். எல்லாவற்றையும் அல்ல. தவறு என்னுடையதே.

நான் செய்த பிழை என்ன? குரைப்பது வேறு, காவல் காப்பது வேறு. குரைப்பைக் குறைக்க நினைத்து நாயையே விரட்டிவிட்டேன். வீட்டில் அடிக்கடி ஃபியூஸ் போகிறது என்பதற்காகத் தடித்த செம்புக் கம்பியைக் கட்டுகிறவரும் இதைத்தான் செய்கிறார். விளக்கு அணையாது, ஆனால் ஒரு நாள் சுவருக்குள்ளிருக்கும் கம்பி தீப்பற்றும்.

இயற்பியலில் ‘சைகை’, ‘இரைச்சல்’ என்று இரண்டு சொற்கள் உண்டு. வானொலியில் நாம் கேட்க விரும்பும் பாட்டு சைகை, கரகரப்பு இரைச்சல். இரைச்சல் மிகுந்தால் சைகை இருந்தும் பயனில்லை. ஒரு கணிப்பொறி நாளொன்றுக்கு 20 அறிவிப்புகள் தருவதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 7,300 ஆகிறது. அவற்றில் உண்மையான ஆபத்து மூன்றே என்றால், அந்த மூன்றையும் நம் கண் கண்டுகொள்ளுமா?

மென்பொருள் செய்பவர்களும் இதைப் பட்டே அறிந்தார்கள். 2007-ல் பொதுமக்களுக்கு வந்த விண்டோஸ் விஸ்டா, சிறு மாற்றங்களுக்கும் ‘அனுமதிக்கலாமா?’ என்று கேட்டுக்கொண்டே இருந்தது. பலர் படிக்காமலே ‘ஆம்’ என்றனர். பலர் அந்த வசதியையே அணைத்தனர். 2009-ல் வந்த விண்டோஸ் 7-ல் கேள்விகளைக் குறைத்து, எவ்வளவு கேட்க வேண்டும் என்பதை நாமே தேர்ந்துகொள்ள நான்கு படிகள் வைத்தார்கள்.

அப்படியானால் எல்லா அறிவிப்பையும் அலட்சியம் செய்யலாமா? கூடாது. 2017 மார்ச் 14 அன்று விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. 59 நாட்கள் கழித்து, மே 12 அன்று, அந்த ஓட்டை வழியாகவே வான்னக்ரை என்னும் நச்சுநிரல் புகுந்தது. ஏறக்குறைய 150 நாடுகள் பாதிக்கப்பட்டன. பிரிட்டனில் மருத்துவமனைகள் தடுமாறின. நம் நாட்டில் ஆந்திரக் காவல் துறையின் கணிப்பொறிகள் சிலவும் சிக்கின. திருத்தத்தை உரிய காலத்தில் பொருத்தியிருந்தவை தப்பின.

இன்னொரு கொடிய பாடமும் உண்டு. 1984 டிசம்பர் 2 நள்ளிரவில் போபால் யூனியன் கார்பைடு ஆலையில் நச்சு வாயு கசிந்தது. ஊருக்குக் கேட்கும் சங்கு சிறிது நேரமே ஒலித்து நிறுத்தப்பட்டது. சிறு கசிவுகளுக்கெல்லாம் மக்களைக் கலவரப்படுத்த வேண்டாம் என்று முன்பே வகுத்திருந்த நடைமுறை அது. சங்கு மறுபடி முழங்கியபோது வாயு தெருக்களில் பரவியிருந்தது. ஆயிரக்கணக்கானோர் இறந்தனர். கணிப்பொறியையும் போபாலையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆனால் தொல்லை என்று கருதி எச்சரிக்கையை அடக்குவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அது காட்டுகிறது.

ஆகவே என் கருத்து இதுதான்: இரைச்சலை அணையுங்கள், காவலை அணைக்காதீர்கள். விண்டோஸ் செக்யூரிட்டியின் அமைப்புகளில் அறிவிப்புகளுக்கெனத் தனிப் பகுதி உண்டு. ‘சோதனை முடிந்தது’ போன்ற வெறும் தகவல்களை அங்கே நிறுத்தலாம். காவல் தொடரும், முக்கியமான எச்சரிக்கைகளும் வரும். இணைய உலாவியிலும் எந்தெந்தத் தளங்கள் அறிவிப்பு அனுப்ப அனுமதி பெற்றுள்ளன என்ற பட்டியல் இருக்கும். தேவையற்றவற்றை நீக்குங்கள். ‘5 வைரஸ்கள் உள்ளன, இந்த எண்ணுக்குப் போன் செய்க’ என்று வரும் பெட்டி காவல் நாயே அல்ல. நாய்த்தோல் போர்த்த திருடன்! மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கையில் தொலைபேசி எண் இருக்காது. ஏமாந்து பணம் போனால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்கச் சொல்லுங்கள்.

குறை நம்மிடம் மட்டும் இல்லை. ‘ஆபத்து’ என்று அலறி, உள்ளே ‘சந்தா கட்டுங்கள்’ என்று விளம்பரம் செய்யும் நிறுவனங்களே முதல் குற்றவாளிகள். ஒவ்வொரு பொய் எச்சரிக்கையும் அடுத்து வரும் மெய் எச்சரிக்கையின் மதிப்பைத் திருடுகிறது. எச்சரிக்கையையும் விற்பனையையும் கலக்கக் கூடாது என்று நாம் கேட்க வேண்டும்.

ஒரு சோதனை செய்து பார்க்கிறீர்களா? நோட்டில் மூன்று கட்டங்கள் போடுங்கள்: உண்மை ஆபத்து, வெறும் தகவல், விளம்பரம். ஒரு வாரம் உங்கள் வீட்டுக் கணிப்பொறியிலோ கைப்பேசியிலோ வரும் ஒவ்வோர் அறிவிப்பையும் உரிய கட்டத்தில் குறியுங்கள். வார முடிவில் கூட்டிப் பார்த்து, எந்தக் கட்டத்தை அணைக்கலாம் என்று வீட்டில் பெரியவர்களோடு பேசி முடிவெடுங்கள். எண்ணிப் பார்க்காமல் எதையும் அணைக்காதீர்கள். நான் அப்படி அணைத்துத்தான் அகப்பட்டேன்.