பிள்ளைகள் பெயரைச் சொல்லாதீர்கள்

பரணில் கிடப்பதைப் பற்றி யாராவது வாய் திறந்தால் நம்மிடம் ஒரே பதில்தான்: “இருக்கட்டும், பிள்ளைங்களுக்கு ஆகும்.” எந்தப் பிள்ளைக்கு? பெங்களூரில் இரண்டு அறை வாடகை வீட்டில் பதினோரு மாத ஒப்பந்தத்தில் குடியிருக்கும் மகனுக்கா? பெட்டி 23 கிலோவைத் தாண்டாமல் நிறுத்துப் பார்த்து விமானம் ஏறுகிற மகளுக்கா? இருபது லிட்டர் அண்டாவை அவள் எங்கே வைப்பாள்? அவர்கள் கேட்கவில்லை. நாமும் அவர்களைக் கேட்கவில்லை. கேட்டால் “வேண்டாம்மா” என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். அறுபதைத் தாண்டிய பெற்றோரே, உங்களைத்தான் சொல்கிறேன். முடிவெடுக்க மனம் வரவில்லை என்றால் அப்படியே சொல்லிவிடுவோம். பழியைப் பிள்ளைகள் தலையில் போட வேண்டாம்.

எவர்சில்வரிலிருந்தே தொடங்கலாம். வீட்டில் அதிக இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது அதுதான். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கல்யாணம் ஆனவர்கள் வீட்டுப் பரணில் குடம், அடுக்கு, தூக்கு, சம்படம், டஜன் கணக்கில் டபரா, பெட்டி பிரிக்காத லெமன் செட். போதாததற்குப் பழைய துணிக்குப் பேரம் பேசி வாங்கிய பேசின்கள். எதையாவது கொடுத்துவிடலாம் என்று இறக்கினால், “ஐயையோ, அதுல பேர் வெட்டியிருக்கு!” என்று ஒரு குரல். வெட்டியிருக்கிறதுதான். அந்த ‘எஸ்.ஆர்.’ யார் என்று உங்கள் இரண்டு பேருக்குமே தெரியவில்லையே? கொடுத்தவர் முகம் நினைவிருப்பதை வைத்துக்கொள்ளுங்கள். அத்தை தன் முதல் சம்பளத்தில் வாங்கித் தந்த கூஜா இருக்கட்டும். மற்றதெல்லாம் உலோகம். எடைக்குப் போடலாம், தினம் ஐம்பது பேருக்குச் சமைக்கிற முதியோர் இல்லத்துக்கோ, ஊர்க் கோயில் மடப்பள்ளிக்கோ கொடுக்கலாம். அண்டாவுக்கு அங்கே இன்னும் மரியாதை உண்டு.

இதில் ஒரு வேடிக்கை. இன்றைய இளம் தம்பதிகள் இரும்புத் தோசைக்கல்லையும் கல்சட்டியையும் ஈயச் சொம்பையும் தேடித் தேடிக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். வாங்கிய கல்லைப் பழக்கத் தெரியாமல் முதல் பத்துத் தோசையைப் பிய்த்தெடுக்கிறார்கள். முப்பது வருஷம் பழகிய கல் நம் அடுக்களை மூலையில் சும்மா கிடக்கிறது. நாமோ அதை விட்டுவிட்டு, ஓரத்தில் பூப்போட்ட டின்னர் செட்டை “எடுத்துட்டுப் போ, எடுத்துட்டுப் போ” என்று அவர்கள் கையில் திணிக்கிறோம்.

அடுத்தது நமக்குள் நடக்கும் பனிப்போர். அப்பாவுடைய சேகரிப்பு அம்மாவுக்குக் குப்பை. அம்மாவுடையது அவருக்கு அடைசல். அவர் பக்கம் ஒலிநாடாக்கள், தபால்தலை ஆல்பம், பாடாத டிரான்சிஸ்டர், ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையத் திருகாணி. இவர் பக்கம் பாத்திரம், கொலுப் பொம்மை, ஜரிகை கறுத்த பட்டுப்புடவை. பேசி முடிவெடுப்பது கிடையாது. ஒருவர் ஊருக்குப் போன சமயம் பார்த்து மற்றவர் பழைய பேப்பர்காரரைக் கூப்பிடுவதுதான் பல வீடுகளில் வழக்கம். நாற்பது வருஷம் குடும்பம் நடத்தியவர்கள் செய்கிற காரியமா இது? ஆண்களுக்கு ஒன்று நினைவூட்ட வேண்டும். மனைவிக்குப் பிறந்த வீட்டார் சீராகக் கொடுத்தது அவருடைய தனிச் சொத்து. கணவர் வசம் இருந்தாலும் அதில் அவருக்குப் பங்கு கிடையாது. 1985-இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றமே இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆகவே அந்தப் பித்தளைத் தவலையை “என்ன விலைக்குப் போகும்?” என்று தட்டிப் பார்க்கும் முன் உத்தரவு வாங்குங்கள். அம்மாக்களும் அவருடைய தபால்தலை ஆல்பத்தைக் கரையான் வரும் என்று சொல்லி மொட்டை மாடிக்கு அனுப்புவதை நிறுத்துங்கள்.

எனக்கு உண்மையில் கோபம் வருவது வேறொன்றில். வைத்துக்கொள்ள வேண்டியதைத் தூக்கிப் போடுகிறோம், போட வேண்டியதை வைத்துக்கொள்கிறோம். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது முதலில் வெளியே போவது எது? டிரங்குப் பெட்டியில் இருந்த கடிதக் கட்டு, தாத்தாவின் வரவு செலவு நோட்டு, பழைய கல்யாணப் பத்திரிகைகள், பாட்டி கைப்பட எழுதிய பட்சணக் குறிப்பு. கிலோவுக்கு இத்தனை என்று போய்விடுகிறது. சிலர் போகித் தீயில் போடுகிறார்கள். 2018 போகியன்று சென்னையில் எழுந்த புகையில் விமானங்களே தடுமாறின. லெமன் செட் மட்டும் பரணில் பத்திரம்.

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரை நினைத்துப் பாருங்கள். விளம்பரப் பலகை எழுதும் ஓவியராகச் சென்னைக்கு வந்தவர், பழைய புத்தகங்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். புத்தகத்தோடு நிற்கவில்லை. நாடக நோட்டீஸ், அழைப்பிதழ், துண்டுப் பிரசுரம் என்று நாம் கசக்கி எறிவதையெல்லாம் சேர்த்தார். 1992-இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. கடல் கடந்து கொண்டுபோகாமல் சென்னையிலேயே நூலகமாக அமைய வழி செய்தது. இன்று தமிழ் அச்சுப் பண்பாட்டை ஆராய வருகிறவர் அந்த வாசலை மிதிக்காமல் போக முடியாது. புதுக்கோட்டையில் ஞானாலயாவை உருவாக்கிய கிருஷ்ணமூர்த்தி, டோரதி இணையரோ கணவனும் மனைவியுமாகச் சேர்ந்தே முதற்பதிப்புகளைத் திரட்டியவர்கள். ஒருவர் சேர்க்க, மற்றவர் முகம் சுளிக்கும் வீட்டில் அப்படி ஒரு நூலகம் எழுந்திருக்காது. ஏட்டுச் சுவடிகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டதையும் தீக்குக் கொடுத்ததையும் உ.வே.சா. வேதனையோடு எழுதி வைத்திருக்கிறார். படித்துவிட்டு ‘ச்சே, என்ன மனிதர்கள்!’ என்று உச்சுக்கொட்டிய நாம்தான் இன்லண்டு லெட்டர் கட்டைப் பேப்பர்காரரின் தராசில் வைக்கிறோம்.

பைண்டு செய்த தொடர்கதைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1950-இல் கல்கியில் பொன்னியின் செல்வன் தொடங்கியபோது மணியம் படங்களோடு வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துத் தைத்து வைத்த வீடுகள் ஏராளம். உங்கள் மாமியார் வீட்டிலும் ஒன்று இருக்கும். அதன் கதையை எந்தப் புத்தகக் கடையிலும் வாங்கலாம்; அதே தாளின் பின்பக்கம் ஒட்டிக்கொண்டு வந்த விளம்பரங்கள் அங்கே கிடைக்காது. தொட்டால் ஒடியும் பதத்துக்கு வந்துவிட்டதென்றால் இன்னும் ஐந்து வருஷம் பரணில் போடாதீர்கள். மேலே சொன்னவை போன்ற நூலகங்களையோ, அரிய நூல்களையும் இதழ்களையும் மின்னுருவாக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தையோ கேளுங்கள். அவர்களிடம் ஏற்கெனவே இருந்தால் வேண்டாம் என்பார்கள். அதில் அவமானம் ஒன்றுமில்லை.

காத்திருக்காத பொருள்கள் சில உண்டு. கல்யாண வீடியோ கேசட்டை அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறீர்கள். அதைப் போட்டுப் பார்க்கும் கருவியைத் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016-இல் நிறுத்திவிட்டது. நம் ஊர் ஈரக் காற்றில் நாடாவில் பூஞ்சை பிடிக்கும். இன்றே கொடுத்து மாற்றி வாங்குங்கள். எண்பதுகளில் பெருமையாக வாங்கினோமே, பக்கத்தில் பசை தடவி மேலே பிளாஸ்டிக் தாள் மூடிய ஆல்பம், அது படங்களையே தின்கிறது. உரிக்க வரும்போதே உரித்தெடுத்து, பின்பக்கம் பென்சிலால் யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று எழுதுங்கள். குழு போட்டோவில் மூன்றாவது வரிசையில் நிற்கும் மீசைக்காரர் யாரென்று இன்று சொல்ல நீங்கள் இருக்கிறீர்கள்.

பூஜை அறையில் தாத்தா காலத்து ஐம்பொன் விக்கிரகம் இருந்தால், “அமெரிக்காவுக்கு எடுத்துட்டுப் போடா” என்று மகனிடம் கொடுத்துவிடாதீர்கள். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த சிற்பம் தொல்பொருள். அதைப் பதிவு செய்ய வேண்டும். தனியார் யாரும் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. மதிப்புள்ள சுவடிகளுக்கு அந்தக் கணக்கு எழுபத்தைந்து ஆண்டு. விமான நிலையத்தில் பிள்ளை விழித்துக்கொண்டு நிற்பதற்கு நம் பாசம் காரணமாக வேண்டாம். மரப்பாச்சி செம்மரம் என்றால் அதையும் விசாரித்துவிட்டே பெட்டியில் வையுங்கள். கொலுப் பொம்மைகளைப் பங்கு போடும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை: பட்டாபிஷேக செட்டைப் பிரிக்காதீர்கள். மூத்தவளுக்கு ராமர், இளையவளுக்குச் சீதை என்று நியாயம் பேசிய வீடு ஒன்றை எனக்குத் தெரியும். அனுமார் யாரிடம் என்று இன்னும் வழக்கு நடக்கிறது.

கொடுப்பது என்று முடிவானதும் இன்னொரு தவறு செய்கிறோம். கிழிந்தது, ஜிப் போனது, மூடி இல்லாதது எல்லாவற்றையும் மூட்டை கட்டி, ‘இல்லாதவங்களுக்கு’ என்கிறோம். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் யாருக்கும் உதவாத பழைய துணி மலையாகக் கிடந்தது. எல்லாம் நம்மைப் போன்றவர்கள் அனுப்பியதுதான். வேலைக்கு வருகிற அம்மாவிடம் கரி பிடித்த குக்கரைக் கொடுத்துவிட்டு ஒரு மாதம் அதையே சொல்லிக்காட்டுவதும் இந்த வகைதான். நீங்கள் விருந்தாளிக்கு எடுத்துவைக்கக் கூசாத பொருள் எதுவோ அதைக் கொடுங்கள். வேண்டுமா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

பிள்ளைகளையும் அப்படியே கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது ஒரு பொருளைக் காட்டி, அதன் கதையை இரண்டு வரியில் சொல்லி, “வேணுமாடா?” என்று கேட்டால் போதும். வேண்டாம் என்றால், “எங்க காலத்துக்கப்புறம் நீங்களே தூக்கிப் போட்டுக்குங்க” என்று மூக்கை உறிஞ்சாதீர்கள். வேண்டும் என்று வாங்கிப் போனால், அடுத்த முறை அவர்கள் வீட்டுக்குப் போகும்போது, “அந்த ஜாடி எங்கே?” என்று அலமாரியைத் திறந்து பார்க்காதீர்கள்.

இது ஒருவழிப் பாதையும் ஆகாது. மாடி அறையில் கிடக்கும் இன்ஜினியரிங் புத்தகங்கள், கம்பி அறுந்த கிடார், பள்ளிக் கோப்பைகள், ஒரே ஒரு பெடல் உள்ள சைக்கிள், இவையெல்லாம் யாருடையவை? நம் வீட்டை இலவசக் கிடங்காக வைத்துக்கொண்டு, “அம்மா எதையும் தூக்கிப் போடவே மாட்டாங்க” என்று நண்பர்களிடம் சிரிக்கிறவர்கள் அவர்கள்தான். தீபாவளிக்கு வரும்போது பிரித்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எடுக்காததெல்லாம் கார்த்திகைக்குள் பழைய பேப்பர்காரரிடம் போய்விடும் என்று இப்போதே வாட்ஸ்அப்பில் எழுதிப் போடுங்கள், இரண்டு பேரும் சேர்ந்து.