அடைக்கலப் பிள்ளைகள்

பிள்ளையை அயல்நாட்டிற்கு அனுப்பிய பெற்றோர் கவலுறுதல் உலகியற்கை. உண்டானோ, உறங்கினானோ, குளிரைத் தாங்குவானோ என்னும் கவலைகள் எல்லார்க்கும் பொது. இவற்றின் அடியில் வேறொரு கவலை உண்டு. 'திரும்பி வருங்கால் எம் பிள்ளை எம் பிள்ளையாகவே வருவானோ?' என்பதே அது. இதனைக் குறுகிய மனத்தின் அச்சம் என்று நகைப்பாரும் உளர். அன்னாருக்கு, இங்கிலாந்து சென்ற யூதச் சிறாரின் வரலாற்றை நினைவூட்ட விரும்புகின்றோம்.

1938-ஆம் ஆண்டு நவம்பர் 9, 10 ஆகிய நாட்களில் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் யூதரின் ஜெப ஆலயங்கள் கொளுத்தப்பட்டன, கடைகள் சூறையாடப்பட்டன, பல்லாயிரம் ஆடவர் சிறைமுகாம்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அதனைக் கேட்டு நெஞ்சு பதைத்த யூதத் தலைவரும், குவேக்கர் முதலிய கிறிஸ்தவரும் வேண்டிக்கொள்ள, பதினேழு வயதிற்குட்பட்ட பிள்ளைகள் பெற்றோரின்றி வருவதற்குப் பிரிட்டிஷ் அரசாங்கம் இசைந்தது. டிசம்பர் 2-ஆம் நாள் முதற்கூட்டம் ஹாரிச் துறைமுகத்தில் வந்திறங்கியது. 1939-ஆம் ஆண்டு செப்டம்பரில் யுத்தம் மூண்டு வழி அடைபடுமுன், ஏறக்குறையப் பதினாயிரம் பிள்ளைகள் கரை சேர்ந்தனர். அவருள் பெரும்பாலோர் யூதர். சிறு பெட்டி ஒன்றும், பத்து மார்க்குப் பணமுமே கையில் கொண்டுவர இடமிருந்தது. பெற்றோர் வர இடமில்லை.

பிரிந்தோர்க்கு எஞ்சியது கடிதம் ஒன்றே. யுத்தம் மூண்டபின் அதுவும் சுருங்கியது. செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியே ஒரு முறைக்கு இருபத்தைந்து சொற்களே அனுப்பலாகும். இருபத்தைந்து சொற்களில் ஒரு தாய் எதனைக் கேட்பாள், எதனை விடுப்பாள்? நாளடைவில் அச்சொற்களும் நின்றன. பிள்ளைகளுள் மிகப் பலர் தம் பெற்றோரைப் பின்னர்க் கண்டிலர்.

வந்தவர் அனைவரையும் ஏற்க அந்நாட்டு யூத இல்லங்கள் போதவில்லை. ஆதலின் கிறிஸ்தவக் குடும்பங்கள் பல தம் கதவைத் திறந்தன. முன்பின் அறியாத பிள்ளைக்குத் தம் மேசையில் இடமளித்த அந்நன்மக்களை எண்ணி, அம்மார்க்கத்தினராகிய யாம் பெருமிதம் கொள்கின்றோம். ஆயினும் உண்மையை மறைத்தல் தகாது. யூதர் உண்ணலாகாத இறைச்சி அப்பிள்ளைகள் பலர்க்குப் பரிமாறப்பட்டது. ஓய்வுநாள் மறைந்தது. ஞாயிறுதோறும் அவர்கள் கிறிஸ்தவ ஆலயத்தில் அமர்ந்தனர். சிலர்க்கு ஞானஸ்நானமும் கொடுக்கப்பட்டது. இதுகுறித்து அக்காலத்திலேயே சாலமன் ஷோன்பெல்டு என்னும் யூத மதகுரு வருந்தி முறையிட்டார். யுத்தம் முடிந்தபின், உயிர்பிழைத்த பெற்றோர் சிலர் தம் பிள்ளையைத் தேடி வந்தபோது, அப்பிள்ளை தாய்மொழியை மறந்திருந்தது. தாயும் சேயும் எதிரெதிரே நின்றும் பேச இயலாதவராயினர்.

"உயிரைக் காத்தது போதாதோ? உணவும் வழிபாடும் பின்னரன்றோ?" என வினவுவர் சிலர். உயிரே முதன்மையானது என்பதை யாமும் உடன்படுகின்றோம். யூத இல்லம் கிடைக்குமட்டும் காத்திருக்க வேண்டுமென்று ஒரு பிள்ளையையேனும் கப்பலேற்றாது நிறுத்தியிருத்தல் பெரும்பிழையாகும். ஆனால், கரை சேர்ந்த பின்னரும் அவ்விடையே போதுமோ? பத்து வயதுப் பிள்ளை தனக்குச் சோறிடுவாரை மகிழ்விக்க எதற்கும் தலையசைக்கும். அத்தலையசைப்பை விசுவாசம் என்று கொள்ளல் எங்ஙனம்? மேலும், அப்பெற்றோர் தம் பிள்ளையைத் தானமாகக் கொடுத்தாரல்லர், அடைக்கலமாகவே வைத்தனர். தானமாகப் பெற்ற பொருள் நம்முடையது. அடைக்கலமாகப் பெற்றதோ, உடையவர் வந்து கேட்கும்வரை காத்துத் தருதற்குரியது.

இந்நெறியைச் சிலப்பதிகாரம் கற்போர் நன்கறிவர். கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்னும் ஆய்ச்சியிடம் அடைக்கலமாக ஒப்புவித்தார். மாதரி அவளுக்கும் கோவலனுக்கும் இடம் கொடுத்ததோடு அமையவில்லை. கோவலன் சாவக நோன்புடையான் என்பதை உன்னி, அவர்கள் தாமே சமைத்துண்ணுமாறு தக்க கலங்களையும் அரிசி, காய் முதலியவற்றையும் தருவித்தாள். தன் வீட்டு உணவே சிறந்தது என்று அவள் வற்புறுத்தவில்லை. கற்றறியாத இடைச்சியிடம் விளங்கிய இந்நுண்ணுணர்வே அன்பின் நிறைவு என்போம். தம்மிடம் வந்த பிள்ளை யூத மறையைப் பயிலுமாறு ஏற்பாடு செய்த கிறிஸ்தவக் குடும்பங்களும் இங்கிலாந்தில் இருந்தன. அவை மாதரியின் இனத்தைச் சேர்ந்தவை.

லண்டன் நகரின் லிவர்பூல் தெரு இரயில் நிலையத்தில், அப்பிள்ளைகளின் நினைவாக 2006-ஆம் ஆண்டு ஓர் உருவச்சிலைத் தொகுதி நிறுவப்பட்டது. அதனைச் செய்த பிராங்க் மைஸ்லர் தாமும் அவ்வாறு வந்த பிள்ளையே. அச்சிறாரின் அருகே அவர்தம் பெட்டிகளும் உள்ளன. பெட்டி சிறிதாயினும், அதனுள் ஒரு வீடே மடித்து வைக்கப்பட்டிருந்தது என்பதை ஏற்போர் உணர வேண்டும்.

பிறர் மக்களைத் தம் கூரையின்கீழ் ஏற்கும் இல்லங்களுக்கும், விடுதிகளுக்கும், கல்லூரிகளுக்கும் யாம் கூறுவது இதுவே: வந்த பிள்ளைக்குக் கதவைத் திறந்து விடுங்கள், அப்பிள்ளை கொண்டுவந்த பெட்டியைப் பறியாதிருங்கள்.