வைரத்தைப் பவுன் கணக்கில் வாங்காதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் கல்யாணப் பேச்சு நடக்கிறவர்களாவது முழுசாகப் படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவன் ஒருவன் வந்திருந்தான். அவனுக்கே ஐம்பது வயதாகிறது, எனக்கு இன்னும் ‘அவன்’தான். மகனுக்கு ஆவணியில் நிச்சயதார்த்தம். “பொண்ணுக்கு ஒரு காரட்ல வைர மோதிரம் போடணும் டீச்சர், கடைக்கு நீங்களும் வாங்க” என்றான். பணத்துக்கு என்னப்பா ஏற்பாடு என்றேன். தலையைக் குனிந்துகொண்டான். மனைவியின் ஏழுகல் வைரத்தோட்டைக் கொடுத்து மாற்றப் போகிறானாம். அது அவள் அம்மா போட்டு அனுப்பிய தோடு. “அவ சம்மதிச்சிட்டா டீச்சர்.”

பெண் வீட்டில் ஒரு காரட் கேட்டார்களா என்றால், இல்லை. இவனுடைய சகலை தன் மருமகளுக்கு அப்படிப் போட்டாராம். அவ்வளவுதான் விஷயம். நம் பக்கத்தில் நிச்சயம் என்றால் தட்டு மாற்றுவதும் பூ வைப்பதும்தான். மோதிரம் மாற்றுவது பின்னால் வந்து சேர்ந்தது. வந்ததைக் குறை சொல்லவில்லை, பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள். ஆனால் அதை வாங்கும்போது நாம் தங்கம் வாங்கும் புத்தியோடு போகிறோம். அங்கேதான் ஏமாறுகிறோம்.

தங்கத்துக்கு எடைதான் விலை. வைரத்திலும் ‘எத்தனை காரட்’ என்றே கேட்கிறோம். (தங்கத்தில் 22 காரட் என்பது தரம். வைரத்தில் காரட் என்பது எடை, 200 மில்லிகிராம். அதை நூறாகப் பிரித்தால் சென்ட். நிலத்துக்கும் சென்ட், வைரத்துக்கும் சென்ட். இரண்டுக்கும் கடன் வாங்குகிற ஊர் நம் ஊர்!) வைரத்தை வைரமாகக் காட்டுவது எடை இல்லை, பட்டை.

கிணற்றில் குதித்து நீந்திய பையன்களுக்கு இது சுலபமாகப் புரியும். தண்ணீருக்குள் இருந்துகொண்டு சாய்வாக மேலே பார்த்தால் ஆகாயம் தெரியாது. நீர்மட்டம் கண்ணாடி மாதிரி மின்னும். ஒளி ஒரு குறிப்பிட்ட கோணத்துக்கு மேல் சாய்ந்து போனால் வெளியே வராமல் உள்ளேயே திரும்பிவிடும். முழு அக எதிரொளிப்பு என்று பாடத்தில் படித்தீர்களே, அதுதான். தண்ணீரில் அந்தக் கோணம் சுமார் 49 பாகை, வைரத்தில் 24 பாகைதான். அதனால் வைரத்துக்குள் போன ஒளி லேசில் தப்ப முடியாது. அடிப்பட்டைகள் சரியான சாய்வில் இருந்தால் அங்கே முட்டி, எதிர்ப்பக்கம் முட்டி, மேலே நம் கண்ணுக்கே வந்து சேரும். அடி தட்டையாகிப் போனாலும், தேவைக்கு மேல் ஆழமாகிப் போனாலும் ஒளி கீழேயோ பக்கவாட்டிலோ ஒழுகிவிடும். நடுவில் இருட்டு விழும்.

இந்தச் சாய்வைக் கணக்குப் போட்டு 1919-இல் புத்தகமாக எழுதியவர் மார்செல் டோல்கோவ்ஸ்கி. அடிப்பக்கம் 40.75 பாகை, மேல்பக்கம் 34.5 பாகை என்றார். இன்று சூரத்தில் பட்டை தீட்டுகிற வட்டக் கல்லும் அந்தக் கணக்கை ஒட்டித்தான் வருகிறது. அதில் 57 அல்லது 58 பட்டைகள் இருக்கும்.

கோஹினூர் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1852-இல் லண்டனில் அதை மறுபடி பட்டை தீட்டியபோது 191 காரட் 105.6 காரட்டாகக் குறைந்தது. ஒளி போதவில்லை என்றுதான் அத்தனை எடையை இழந்தார்கள். நாமோ எடைக்காக ஒளியை விடுகிறோம்.

நான் மட்டும் யோக்கியமா? முப்பது வருஷம் ஒளிப்பாடம் நடத்திய நானே என் மகளுக்கு எடையை மட்டும் கேட்டு அரை காரட் வாங்கினேன். கடை விளக்கில் ஜொலித்தது, வீட்டு வாசலில் கண்ணாடித் துண்டாக இருந்தது. அவள் இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

சரி, தெற்கு ஆவணி மூல வீதிக்குப் போனோம். சிலப்பதிகாரத்தில் கோவலன் சுற்றிப் பார்த்த மதுரையிலும் ரத்தினக் கடைவீதி உண்டு. காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்று வைரத்தின் குற்றங்களைப் பெயர் சொல்லிப் பார்த்த ஊர் இது. இன்றைய பட்டை முறையெல்லாம் அப்போது கிடையாது.

கடையில் இரண்டு கல் எடுத்து வைத்தார்கள், ஒன்று ஒரு காரட், மற்றது 40 சென்ட். விளக்குக்குக் கீழே இரண்டும் கண்ணைப் பறித்தன. சான்றிதழை வாங்கிப் பார்த்தேன். வட்டக் கல்லுக்கு ஜி.ஐ.ஏ. எக்ஸலன்ட் முதல் பூர் வரை ஐந்து படிகளில் பட்டைக்கே தரம் போடுகிறது. பெரிய கல்லுக்கு நடுத்தரமான ‘குட்’, சின்னதற்கு ‘எக்ஸலன்ட்’. குறுக்களவையும் பாருங்கள். நன்றாகத் தீட்டிய ஒரு காரட் வட்டக் கல் சுமார் 6.5 மில்லிமீட்டர் இருக்கவேண்டும். இது 6.1. மீதி எடை அடியில், யார் கண்ணுக்கும் தெரியாத இடத்தில் கிடக்கிறது. ஒரு காரட் தொட்டால் விலை தாவும், அதற்காகவே அடியைச் செதுக்காமல் விடுவதுண்டு.

வாசல் நிழலுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கலாமா என்று கேட்டேன். விற்பனைப் பையன் தயங்கினான், முதலாளி தலையாட்டினார். வெளியே பெரிய கல்லின் நடுவில் இருட்டு. சின்னது விரலை அசைக்க அசைக்கத் துள்ளியது. மாணவன் ஒன்றும் பேசவில்லை.

மற்ற வடிவங்களையும் காட்டினார்கள். சதுரமான பிரின்சஸின் கூர்முனை இடித்தால் சிதறும். எமரால்டு கட்டில் பெரிய பெரிய பட்டை, உள்ளே இருக்கும் அழுக்கெல்லாம் தெரியும். படகு மாதிரி இருக்கும் மார்க்கீஸ் அதே எடையில் பெரிதாகத் தெரியும். ஆய்வகத்தில் வளர்த்த வைரமும் வைரம்தான், விலை வெகு குறைவு. அதற்கும் பட்டை பார்த்தே வாங்கவேண்டும்.

இன்னொன்று. அவசரத்துக்கு நகையை அடகு வைக்கப் போனால் கல் எடையைக் கழித்துவிட்டுத்தான் தங்கத்துக்குப் பணம் தருவார்கள். வைரத்தைச் சேமிப்பு என்று சொல்கிறவர்கள் இதையும் சொல்லட்டும்.

மகன் அங்கிருந்தே அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டான். அவள் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறாள். எத்தனை காரட் என்று அவள் கேட்கவே இல்லை. “கல்லு உசரமா நிக்காம இருந்தாப் போதும், கிளவுஸ் கிழிஞ்சிரும்” என்றாளாம். 40 சென்ட் கல்லைத் தங்கப் பட்டைக்குள் தாழ்வாகப் பதிக்கச் சொல்லிவிட்டு வந்தோம். அவன் சேமிப்பே போதுமானதாக இருந்தது.

திரும்பும்போது அவன் வீட்டில் காபி குடித்தேன். அவன் மனைவி பூந்திக்கொட்டை நுரையில் மெல்லிய பிரஷ்ஷை நனைத்து ஏழுகல் தோட்டின் எண்ணெய்ப் பிசுக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிச்சயத்துக்குப் போட்டுக்கொள்ளவாம்.