பிறர் விலாசம்

அஞ்சலட்டையில் வந்த சங்கிலிக் கடிதங்களை நம் முதியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சாமியின் பேரைச் சொல்லி, இத்தனை பேருக்குப் பிரதி எடுத்து அனுப்பினால் நன்மை உண்டு, அலட்சியம் செய்தால் குடும்பத்துக்குத் தீங்கு நேரும் என்று பயமுறுத்திய அக்கடிதங்களால் விளைந்த மனக்கிலேசம் கொஞ்சமன்று. ஆயினும் ஒவ்வோர் அட்டையையும் கைநோக எழுதித் தபாலில் சேர்க்க வேண்டியிருந்தமையால், அனுப்புகிறவருக்கு யோசிக்க அவகாசம் இருந்தது. அது யார் யாருக்குப் போகிறது என்பதும் அவர் ஒருவருக்கே தெரிந்திருந்தது.

மின்னஞ்சலில் இவ்விரண்டும் இல்லாமற் போயின. சிநேகிதர் ஒருவர் அண்மையில் அனுப்பிய ஆரோக்கியக் குறிப்பைத் திறந்தால், விஷயம் வருவதற்கு முன்பே, அது கடந்து வந்த மனிதர்களின் பெயரும் விலாசமும் திரை நிறைய நீண்டிருந்தன. தங்கள் விலாசம் முன்பின் அறியாத ஒருவன் கைக்கு வந்துவிட்டதை அவர்களில் யாரும் அறியார். பழைய வரிசையை அழித்துவிட்டு, பெறுவோரின் விலாசங்களை ‘பிசிசி’ என்ற கட்டத்தில் இட்டால், ஒருவர் விலாசம் மற்றவர் கண்ணில் படாது. அரை நிமிஷ வேலை.

செல்பேசியில் இந்த அசிரத்தை இன்னும் துன்பம் தருகிறது. நோயாளியின் பெயர், வியாதி, உறவினரின் எண் அனைத்தையும் தாங்கி வரும் ‘ரத்தம் அவசரம்’ என்ற வேண்டுகோளில் ‘இன்று மாலைக்குள்’ என்றிருக்கும், தேதி இராது. தேவை தீர்ந்த பின்னும், சில சமயம் நோயாளியே காலமான பின்னும், அது ஊர் ஊராய்ச் சுற்ற, துக்க வீட்டில் மணி ஒலித்து, இன்னும் ரத்தம் வேண்டுமா என்று யாரோ பரிவோடு கேட்கிறார். அந்த எண்ணை அழைத்து விசாரித்த பிறகே அனுப்புவது என்ற நியமத்தை இடையிலிருந்த ஒவ்வொருவரும் அனுசரித்திருந்தால், அந்த வீட்டாருக்கு இந்த வேதனை நேர்ந்திராது.

“நானா எழுதினேன்? வந்ததை அனுப்பினேன்” என்ற சமாதானம் எவ்வளவு அபாயமானது என்பதை நாம் 2019 ஏப்ரலில் பொன்னமராவதி என்ற ஊரில் கண்டோம். ஒரு சமூகத்தாரை இழிவுபடுத்திய ஒலிப்பதிவு ஒன்று வாட்ஸ்அப்பில் கைமாறிக் கைமாறிப் பரவ, ஜனங்கள் திரண்டு காவல் நிலையத்தை முற்றுகையிட, கல்வீச்சு நடந்து, சுற்றுவட்டாரத்துக்கு 144 தடையுத்தரவு போடும்படி ஆயிற்று. பேசியவர் சிலரே, அதை வீடுதோறும் கொண்டு சேர்த்த கைகளோ அநேகம்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே சமயத்தில் 5 பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்பவொட்டாமல் 2018-இல் வாட்ஸ்அப் வரம்பு கட்டியது. சட்டமும் இயந்திரமும் அவ்வளவே செய்ய முடியும்; ஐந்தாவது மனிதருக்கு அனுப்பலாமா என்று தீர்மானிப்பது நம் மனச்சாட்சி.

ஒருவர் நம்மை நம்பி எழுதியதை மூன்றாமவருக்குக் காட்டுமுன் அவர் சம்மதத்தைக் கேட்பதும், பிறர் பெயரையும் எண்ணையும் நீக்குவதும், மெய்யென்று தெரியாததை நம்மோடு நிறுத்திக்கொள்வதும் அற்ப உபசாரங்கள் அல்ல. அனுப்பியவர் எவரோ அவரும் அச்செய்திக்குப் பொறுப்பாளி என்ற எண்ணம் ஒவ்வொரு வீட்டிலும் வேரூன்ற வேண்டும் என்பதே என் பிரார்த்தனை.